முள்கம்பிச் சாமி

திருப்பதி
புதன் இரவு

அன்புள்ள ரோஹிணி அக்காவுக்கு,

கன்னிகா எழுதுகிறேன். சித்தூரில் நீயும் மணிவேல் மாமாவும் நன்றாக இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். இந்த வீட்டில் யாரிடமும் கேட்க முடியாது. உன் பெயர் காதில் விழுந்தாலே நைனா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார். என் போனும் அவரிடம் இருக்கிறது. அதனால் பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொண்டு எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள். என் வகுப்பு ஹர்ஷினி இதைத் தபாலில் சேர்ப்பாள். அவளுக்குத் தெலுங்கு மட்டும்தான் படிக்க வரும். நகரியில் நாம் படித்த தமிழ் இதற்காவது உதவட்டும்.

சோஷியல் எடுக்கும் ஷோபா மேடம் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார். ஒரு வாரம் உங்கள் தெருவையும் பொது இடத்தையும் போட்டோ எடுங்கள், அழகுபடுத்தாமல் இருப்பதை இருப்பதுபோல் எடுங்கள் என்றார். நானும் நம் காலனியை எடுத்தேன். அக்கா, தினமும் பார்க்கிற தெருவைப் போட்டோவில் பார்த்தால் சிரிப்பு வருகிறது. முப்பதடி ரோடு என்று சொல்லி விற்ற தெருவில் இரண்டு பக்கமும் கார் ஏற்ற ஆளுக்கு நாலடி சரிவு கட்டிக்கொண்டார்கள். பால்காரர் வண்டி திரும்ப இடமில்லை. காரைக் கழுவிய தண்ணீரைத் தெருவில் விட்டுவிட்டு, சேறாயிருக்கிறது என்று முனிசிபாலிட்டியைத் திட்டுகிறார்கள். பேங்க்கில் ரிட்டையரான வேங்கடாசலம் அங்கிள் நான் போனைத் தூக்கியதும் சீப்பெடுத்துத் தலை வாரினார். நான் எடுத்தது அவர் வாசலில் இருந்த குப்பையை.

மூன்றாம் நாளே காலனி வாட்ஸ்அப் குரூப்பில் புகார் வந்துவிட்டது. நான் ஆபீசர் யாருக்கோ படம் பிடித்துக் கொடுக்கிறேனாம். பிரசிடென்ட் கிருஷ்ணப்பா என்னை வழியில் நிறுத்தி, "எந்துக்கம்மா போட்டோலு? மீ நைனாகி தெலுசா?" என்று கேட்டார். எதற்குப் போட்டோ, அப்பாவுக்குத் தெரியுமா என்று ஒரு மிரட்டல். ரோட்டில் நாலடி திருடியவருக்கு நான்தான் திருடி. அன்று நைனா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "பொட்டப் புள்ளைக்கு நடுத்தெருவுல இன்னா போட்டோ?" போனை வாங்கி எல்லாப் படத்தையும் அழித்துவிட்டார். கத்தவில்லை. அவர் கத்தாதபோதுதான் எனக்குப் பயம். உனக்குத் தெரியும்.

நீ ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்ட அந்தக் காலி இடம் நினைவிருக்கிறதா? லேஅவுட் போட்டபோது பார்க்குக்கென்று விட்ட இடம். ஏன் நிற்கிறீர்கள் என்று யாரும் கேட்காமல் நாங்கள் பெண்கள் நிற்கக்கூடிய ஒரே இடம். போன வாரம் மழை பெய்த மறுநாள் காலை, அதன் நடுவில் ஒரு கல் முளைத்திருந்தது. சுயம்புவாம். கல்லில் மேலிருந்து கீழாக மூன்று ஓட்டைகள், ஆகவே முக்கண்ணனாம். பத்து மணிக்குள் பந்தல் போட்டு, மைக் கட்டி, யாரும் உள்ளே வராதபடி கயிறும் கட்டிவிட்டார்கள். இனி அங்கே சைக்கிள் விட்டால் பாவம். சாமிக்குப் பின்னால் கடைகள் கட்டினால் மட்டும் பாவமில்லை. கடைக்கு அட்வான்ஸ் கேட்டு நைனா போனில் பேசுவது என் அறை வரைக்கும் கேட்கிறது.

அது அந்தக் காலி இடத்தின் வாசல் பக்கம் வேலியில் நின்ற கருங்கல் கம்பம், அக்கா. மூன்று ஓட்டையும் முள்கம்பி கோர்க்கப் போட்டவை. தண்ணீர் லாரி இடித்து மேல்முனை உடைந்தது கூட அப்படியே இருக்கிறது. தினம் அந்த வேலியைத் தாண்டி வாக்கிங் போனவர்கள் இன்று அதன் ஓட்டையில் பால் ஊற்றிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். பி.டெக், எம்.காம் எல்லாம் வரிசையில் நிற்கிறது. வேலியில் ஒரு கம்பம் குறைகிறதே என்று எண்ணிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமியை நான் ஏளனம் செய்யவில்லை. இவர்களைத்தான். அம்மாவிடம் சொன்னேன். பால் சொம்பைக் கீழே வைக்காமலே, "கல்லு எங்க இருந்தா உனக்கு இன்னாடி? வாய மூடிக்கினு படி" என்றாள். அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது.

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன். போன் போவதற்கு முன்பே என் படங்களை மேடமுக்கு அனுப்பியிருந்தேன். அதில் ஒன்று அந்தக் கம்பம், வேலியில் முள்கம்பியோடு நின்றபோது எடுத்தது. நைனா அதில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை மடக்கிச் செருப்போடு அதன்மேல் ஊன்றிக்கொண்டு போன் பேசுகிறார். நான் எடுத்ததை அவர் கவனிக்கவில்லை. மேடம் ரேணிகுண்டாவிலிருந்து வருகிறார், இங்கே நடப்பது எதுவும் தெரியாது. எல்லாவற்றிலும் இதுதான் இயல்பாக இருக்கிறது என்று பெரிதாகப் பிரிண்ட் போட்டுப் பள்ளி ஹாலில் மாட்டிவிட்டார். உடைந்த முனையும் மூன்று ஓட்டையும் நைனாவின் செருப்பும் தெளிவாகத் தெரிகின்றன.

இந்தச் சனி இல்லை, அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்குப் பேரன்ட்ஸ் மீட்டிங். காலனிக்காரர்கள் பாதிப்பேர் அங்கே இருப்பார்கள். ஒருநாளும் பள்ளிக்கூடப் படி ஏறாத நைனா இந்த முறை வருகிறார், கரஸ்பாண்டன்ட்டைக் கும்பாபிஷேகத்துக்கு அழைக்க.

கழற்றிவிடலாம் என்று நேற்று ஹாலுக்குப் போனேன். ஆணி வரை கை போயிற்று. அப்போது என்னைப் பார்த்தே எனக்கு அருவருப்பாக இருந்தது. இவர்களோடு நானும் வரிசையில் நின்று பால் ஊற்றுவதுபோல. திரும்பி வந்துவிட்டேன். படம் அங்கேயே இருக்கும். ஆனால் அதன் பிறகு நான் நைனாவோடு வீட்டுக்கு வர வேண்டும். நீ மாமாவோடு போன அன்று அவர் கையில் இருந்த ஒயர் இன்னும் டிவிக்குப் பின்னால்தான் தொங்குகிறது.

நீ வா, அக்கா. இந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம், நேராகப் பள்ளிக்கு வந்துவிடு. எட்டு மணி பஸ் பிடித்தால் சரியாக இருக்கும். நைனா அந்தப் படத்தின் முன்னால் நிற்கும்போது என் பக்கத்தில் நின்றால் போதும், நீ எதுவும் பேச வேண்டாம். மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் வீடு ஒரே அறை என்று கேள்விப்பட்டேன். நான் சமையல்கட்டிலேயே படுத்துக்கொள்வேன். வரும்போது காலிப் பை ஒன்று கொண்டுவா, என்னிடம் துணி அதிகமில்லை.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் தங்கை,
கன்னிகா