சைக்கிள் டியூப் சுற்றிய மட்டை

பழைய சைக்கிள் டியூபைக் கத்தரித்தால் ஒரு வாடை வருமே, அது நேற்று சாயங்காலம் எங்கள் வீடு முழுக்க அடித்தது. எங்க வீட்டுக்காரர் சைக்கிள் கடைக்காரர், அவருக்கு அதெல்லாம் உறைக்காது. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. உன் மகள் கழுகுமலையிலிருந்து உன் ஹாக்கி மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். "சித்தி, பிடி கழண்டு போச்சு. டியூபு சுத்தித் தாங்க" என்றாள். அப்படியே உன் குரல். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன்னைக் கொண்டுபோன அந்தப் பாழாய்ப்போன மஞ்சள் காமாலையை நான் இன்னும் ஏசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் அப்பா மணியாச்சியில் ஹாக்கி ஆடும் ஒரு ரயில்வேக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்த மட்டை அது. நம் அரசுப் பள்ளிக்கூடத்தில் சொந்த மட்டை வைத்திருந்தவள் நீ ஒருத்திதான். என்ன பவுசு காட்டினாய்! நம் மைதானம் என்ன மைதானம்? கோடையில் கரிசல் வாய் பிளந்து கிடக்கும். பந்து வெடிப்புக்குள் போய் மாட்டிக்கொள்ளும், கையை விட்டுத் தோண்டி எடுப்போம். மழை பெய்தால் காலில் அப்பிய மண்ணை வழித்துப் போட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். அந்தத் தரையிலேயே பந்தை மட்டையோடு ஒட்டிக்கொண்டு போவாய் நீ.

ஒன்பதாம் வகுப்பில் மழை பொய்த்தது. புதூர்ப் பக்கம் உங்கள் ஊரில் விதைத்ததெல்லாம் கருகி, உன் அப்பாவும் அம்மாவும் வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போட வெளியூர் கிளம்பினார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு தனியார் பள்ளிக்கூடத்து ஆள் நம் மைதானத்துக்கு வந்தார். ஹாஸ்டல், சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம் என்றார். நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்.

"என்னைய ஆட விடுவீயளா சார்?"

"முதல்ல வந்து சேரு பாப்பா. பெறவு பாத்துக்கிடலாம்."

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் நான் அழுதேன். நீதான் என்னைத் தேற்றினாய். "மூணு வேளையும் சோறு போடுதாவளாம்ட்டி. எங்கம்மா கவலையில்லாம வேலைக்குப் போவால்ல?" என்றாய்.

பிறகு மண்டலப் போட்டியின் இறுதி ஆட்டம். எங்களுக்கு எதிரே நீ போய்ச் சேர்ந்த அந்தப் பள்ளிக்கூடம். எந்தெந்த ஊரிலிருந்தோ பொறுக்கி எடுத்த பிள்ளைகள், அத்தனை பேர் காலிலும் ஷூ. நாங்கள் வெறுங்கால். உன்னைத் தேடினேன். புது யூனிஃபார்ம் போட்டு, மடியில் மட்டையை வைத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். முந்தின ஆட்டங்களிலும் உன்னை இறக்கவே இல்லையாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன்னை அவர்கள் ஆடுவதற்காகக் கூட்டிப்போகவில்லை. எங்களோடு சேர்ந்து நீ ஆடிவிடக் கூடாது என்றே கூட்டிப்போயிருக்கிறார்கள்! நம் பி.டி. டீச்சர் போய்க் கேட்டார்கள். "ரூல்ல இடமிருக்குல்லா டீச்சர், ரெண்டு பக்கமும் பதினோரு பேர்தான?" என்றார்கள் அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர்கள். அதே பதினோரு பேர், அதே விசில். ஆகவே எல்லாம் சரிசமம். நல்ல நியாயம்!

பாதி ஆட்டத்தில் என் மட்டை பிளந்துவிட்டது. பள்ளிக்கூடத்து மட்டை, ஏற்கெனவே ஆணி அடித்து ஒட்டுப் போட்டது. வேறு மட்டை இல்லை. டீச்சர் அங்கும் இங்கும் கேட்டுக்கொண்டிருக்க, நீ பெஞ்சிலிருந்து எழுந்தாய். உங்கள் கோச் கத்துகிறார், நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மைதானத்தைச் சுற்றி நடந்து வந்து மட்டையை என் கையில் திணித்தாய்.

"என் மடியில சும்மாத்தான கெடக்கு. இதாவது ஆடட்டும்ட்டி."

உன் மட்டையால் நான் ஒரு கோல் போட்டேன். இருந்தும் ஒரு கோலில் தோற்றோம். பரிசளிப்பில் உன் கழுத்தில் தங்க நிறப் பதக்கம் மாட்டினார்கள். "ஆடாமலே ஜெயிச்சவ நான் ஒருத்திதாம்ட்டி" என்று சிரித்தாய். சிரித்துக்கொண்டே இருந்தவள், பஸ் ஸ்டாண்டில் என் தோளில் முகத்தை வைத்து ஏங்கி ஏங்கி அழுதாய். உன் கண்ணீர் என் சட்டையை நனைத்தது.

மறு வருஷம் உனக்கு ஹாஸ்டலில் இடமில்லை என்றுவிட்டார்கள். மட்டையை எனக்குக் கொடுத்ததற்காகவா, உன்னைவிட உயரமான பிள்ளை கிடைத்துவிட்டாளா, யாரும் சொல்லவில்லை. படிப்பை விட்டாய், தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனாய், கழுகுமலையில் வாக்கப்பட்டாய். நானும் நீயும் சந்திக்கும்போதெல்லாம் எதையெதையோ பேசுவோம். அந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் நீ பேசவே மாட்டாய்.

நேற்று டியூபைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே உன் மகள் மெதுவாகச் சொன்னாள். அவளையும் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஹாஸ்டல், சாப்பாடு இலவசம் என்று கூப்பிட்டிருக்கிறார்களாம். திங்கட்கிழமை சேரப் போகிறாளாம். எனக்குக் கை நின்றுவிட்டது.

"ஆட விடுவாவளான்னு கேட்டியா?"

"கேட்டேன் சித்தி. வந்து சேரு, பெறவு பாக்கலாம்னாவ."

போகாதே என்று வாய்வரைக்கும் வந்தது. ஆனால் தாயில்லாத வீட்டில் அடுப்பையும் பார்த்து, பள்ளிக்கூடமும் போகிற பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்ல? உன் வீட்டுக்காரர் பாவம், ஒற்றை ஆளாய் எவ்வளவு இழுப்பார்? நியாயம் பேசுவதற்கு முதலில் வயிறு நிறைந்திருக்க வேண்டுமோ என்னமோ. நடந்ததை எல்லாம் அவளிடம் சொன்னேன். நீ மட்டையைக் கொடுத்தபோது சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவள் தலையைக் குனிந்து கேட்டாள். அப்புறம் சுற்றி முடித்த மட்டையை என் பக்கமே தள்ளிவைத்தாள்.

"அங்கன புதுசு குடுப்பாவளாம் சித்தி. எங்க ஸ்கூல்ல என் எடத்துல ஆடப் போற பிள்ளைக்கு மட்டை இல்ல. நீங்க கொண்டு குடுத்துருங்க. இது சும்மா கெடக்க வேண்டாம்."

திங்கட்கிழமை நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு அவள் விட்டுப்போகிற பள்ளிக்கூடத்து மைதானத்துக்குப் போகிறேன். உன் மகளைப் புதுப் பள்ளிக்கூடத்தில் ஆட விடுவார்களா, எனக்குத் தெரியாது. உன் மட்டை ஆடும், ஏட்டி.