ஆட்டக்காரர் தந்த சின்னச் சட்டை

மகனின் அம்மாவுக்கு,

விசா வழக்கைப் பற்றி வக்கீல் சொன்னதை வேறொரு நாள் எழுதுகிறேன். முதலில் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேளும்.

நான் துப்புரவு வேலை செய்யும் செர்பியர்களின் மண்டபத்துக்கு அவர்களுடைய பழைய உதைபந்தாட்ட வீரர் ஒருவர் வந்திருந்தார். மெல்பேர்ன் முழுவதிலுமிருந்து சனம். அவர் விளையாட்டை விட்டு முப்பது வருடமாம். பயிற்சியாளராகி வென்றதைவிடத் தோற்றதுதான் அதிகமாம்; அதை ஒருவரும் பேசவில்லை. ஒரு கிழவர் அவருடைய கையைப் பிடித்தபடி விடவே இல்லை. தூரத்தில் இருக்கும் ஒருவரை இவ்வளவு காலமும் நினைத்திருப்பார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

போகும்போது அவர் என்னிடமும் வந்து, பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஒரு மகன் என்றேன். வயதைக் கேட்டார்.

ஐந்து என்றேன். யோசிக்கவே இல்லை.

பெட்டியிலிருந்து ஒரு சின்னச் சட்டையை எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அறையில் என்னோடு இருக்கும் உமாசுதன்தான் அதை விரித்துப் பார்த்துவிட்டு, “அண்ணை, உங்கட மகன் கம்பசில படிக்கப் போற வயசெல்லோ?” என்றான். ஐந்து, நான் படகேறிய நாளில் மகனுக்கு இருந்த வயது.

சட்டையைப் பார்சலில் வைத்திருக்கிறேன். உம்மிடமே இருக்கட்டும், அவனுக்குக் காட்ட வேண்டாம். அப்பா எப்போது வருவார் என்று கேட்பதை அவன் விட்டுவிட்டான். இதைக் கண்டால் திரும்பவும் கேட்கத் தொடங்குவான்.

மகனின் அப்பா