மெத்தை ஏன் ஹாலில் கிடக்கிறது

அக்கா,

கதவுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன், திறப்பதற்கு முன் இதைப் படி. நைட் ட்யூட்டி பார்த்துவிட்டுத் தூங்குகிறாயே என்று எழுப்பவில்லை. ஹாலில் மெத்தையும் தலையணைகளும் இறைந்து கிடக்கும். திருடன் வரவில்லை. உன் மகளும் நானும்தான். நான் காலேஜுக்குக் கிளம்புகிறேன். அத்தான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

நேற்று நீ கொடுத்த முத்தத்தை அவள் துடைத்துப் போட்டாள், நீ அழுதாய். "சீரியல் பாக்குறதைக் குறை அக்கா" என்றேன். அதிலிருந்து நீ என்னோடு பேசவில்லை.

இன்று ஹாலில் மெத்தையைப் போட்டு, சுற்றிலும் தலையணை அடுக்கி, அவளைக் கம்பளியில் பாய் மாதிரிச் சுருட்டினேன். தலை வெளியேதான், பதறாதே. சட்டை லேபிள் குத்தினாலே ஊரைக் கூட்டுகிறவள், விக்கல் வரும்வரை சிரித்தாள். "இன்னும் டைட்டா, மாமா!"

"அப்ப அம்மா தொட்டா மட்டும் ஏண்டி தள்ளிவிடுறே?"

"அம்மா மெதுவா தொடுறா. எறும்பு ஊருற மாதிரி இருக்கு."

அவ்வளவுதான் சங்கதி. பூவைத் தொடுகிற மாதிரித் தொடாதே. பீரோவைத் தூக்குகிற மாதிரிக் கட்டிப்பிடி.

தம்பி

ஓரத்தில் இடம் இருக்கிறது, இதையும் கேள். செருப்பு மாட்டும்போது வந்து, "அம்மாவுக்குச் சுருட்டத் தெரியுமா?" என்றாள். "தெரியாது, நீதான் சொல்லிக்கொடுக்கணும்" என்றேன். உடனே கம்பளியை இழுத்துக்கொண்டு வந்து உன் அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கதவைப் பார்த்துத் திற, இடித்துவிடப் போகிறாய்.