பாட்டு ஏற்றாத கார்டு

சேத்தியாத்தோப்பு
டிசம்பர் 2007

அன்பு மகளுக்கு,

உன் கல்யாணத்துக்குப் பிறகு அப்பா உன் பெயரையே எடுப்பதில்லை.

போன வாரம் நீ விட்டுப்போன கேமராவிலிருந்து கார்டைக் கழற்றித் தன் செல்போனில் திணித்துப் பார்த்தார். "அது பெருசுங்க, போன்ல போவாது" என்றேன். "பாட்டு ஏத்தணும்" என்று சிடுசிடுத்துவிட்டு, அந்தக் கேமரா கார்டையும் எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் போய், கடையில் சின்ன கார்டு ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார்.

இன்று அந்தப் போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு பாட்டுகூட இல்லை. பிச்சாவரம் படகில் நீ, ஹாஸ்டல் வாசலில் நீ, எல்லாமே உன் படங்கள்.

"பாட்டு எங்கங்க?" என்றேன்.

"ரெண்டு படத்த அழிச்சாதான் எடம் வருமாம். எதன்னு அழிக்கறது?" என்றார்.

நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து நிற்கும் படமும் அதில் அப்படியே இருக்கிறது.

பொங்கலுக்கு இருவரும் வாருங்கள்.

உன் அம்மா