அம்மை வீட்டுக்குள் வந்தவர்

அன்புள்ள அத்தானுக்கு,

ஒலிபெருக்கியில் சமயநல்லூர் முழுக்கக் கேட்ட உங்கள் கிறிஸ்துமஸ் பிரசங்கம், அம்மை போட்டு இந்த அறையில் கிடக்கும் எனக்கும் கேட்டது. வானத்திலிருந்தே ஒரு வார்த்தை சொல்லி நம்மைக் காப்பாற்றியிருக்கலாம், ஆனாலும் கூடவே இருக்கத்தான் கடவுள் மனிதனாக வந்தார் என்றீர்கள். நன்றாக இருந்தது. ஜன்னலில் நீங்கள் வைத்துப் போன கஞ்சியும் சூடாகவே இருந்தது.

மாலையில் பக்கத்து வீட்டு ஜெயக்கொடி அக்கா வேப்பிலைக் கொத்தோடு வந்து, வெளித் தாழ்ப்பாளை நீக்கி, கதவைத் திறந்து உள்ளே வந்தார். "எனக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் நீங்களும் வெளிய போக முடியாதேக்கா" என்றேன்.

"தெரிஞ்சுதான் வந்தேன், தள்ளிப் படு" என்றார்.

பிறகு நீங்கள் வந்து வெளியே மறுபடியும் தாழ்ப்பாள் போட்டீர்கள். சபைக்காரர்கள் பயப்படுவார்கள், புரிகிறது.

பிரசங்கத்தில் பிழை ஏதுமில்லை, அத்தான். தாழ்ப்பாள் மட்டும் உங்கள் பக்கம் இருக்கிறது.

உள்ளிருந்து,
உங்கள் மனைவி