நூல் வராத பட்டுக்கூடு

18-4-84

குவைத்தில் நம் மகன் ஜெயச்சந்திரனோடு வேலை செய்யும் பையன் ஊருக்கு வந்தவன், வீட்டுக்கு ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனான். அவனும் மருமகள் தேவகியும் பேத்தியும் அடுத்த வாரம்தான் வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் அவர்கள் சாமான் வந்துவிட்டது. சோப்பு, பால் பவுடர், ஒரு டப்பா நிறையப் பொரி மாதிரி ஏதோ. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் பையில் வெள்ளை வெளேரென்று பட்டுக்கூடு.

பட்டுக்கூடு என்றுதான் நினைத்தோம்! அதே பருமன், அதே உருண்டை. வீட்டுக்காரர் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தார். "இன்னாடி இது, மெத்து மெத்துனு கீது? வெளிநாட்டு ஜாதி போல. புள்ள நம்ம தறிக்கு சாம்பிள் அனுப்பிகிறான்."

நூல் முனை எடுக்க வெந்நீரில் போட வேண்டும். போட்டார். ஒன்றா இரண்டா, பை முழுக்க. கிண்டக் கிண்டக் கூடெல்லாம் காணாமல் போய்ப் பசையாக நின்றது. குச்சியைத் தூக்கினார். இழை ஒன்று நீண்டு வந்தது. "பாத்தியா, நூல் வருது!" என்று ஒரு சந்தோஷம். விரலில் ஒட்டியதை நான் நக்கினேன். சர்க்கரை!

ஆயுசு முழுக்கப் பட்டு நெய்த மனுஷர், மிட்டாயில் நூல் எடுக்கப் பார்த்தார். சிரித்துச் சிரித்து எனக்கு இன்னும் விலா வலிக்கிறது.

26-4-84

வந்துவிட்டார்கள். பேத்தி குணசுந்தரி (என் அம்மா பெயர்) என்னையே உரித்து வைத்திருக்கிறாள். நெற்றி, மூக்கு, கோபம் எல்லாம் நான்தான். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

மகனுக்கும் மருமகளுக்கும் அங்கே வேலை. ஜூனிலிருந்து பிள்ளைக்கு இங்கே படிப்பு. ஆரணியா, வேலூரில் தேவகியின் அம்மா வீடா? எங்கே ஒட்டுகிறாளோ அங்கே விடுவது என்று பேச்சு. இங்கேதான் ஒட்டுவாள். என் ரத்தமாயிற்றே! எதிர்வீட்டு அபிதகுசாம்பாளிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.

பிள்ளை வாய் திறந்து கேட்ட முதல் வார்த்தை, "மம்மி, என் மாஷ்மெல்லோ எங்க?"

என் அஞ்சாங்கிளாஸ் படிப்புக்கு அந்தப் பெயர் எட்டவில்லை. காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன்.

தேவகி விளக்கினாள். "அது ஒரு மிட்டாய், அத்தே. வெண்ணெய உருக்கி அத்த போட்டு எளக்குவேன். டப்பால கீற பொரிய கொட்டிக் கிளறி, தட்டுல தட்டித் துண்டு போட்டுடுவேன். வேற வேலையே இல்ல. ஊரு புதுசு, இவளுக்கு சோறு எறங்காதுன்னுதான் முன்னாடியே குடுத்தனுப்பினேன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் விட்டத்தைப் பார்த்தார்.

விஷயம் தெரிந்ததும் பிள்ளை அழுத அழுகை! "தாத்தா பேட்" என்றாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆயா என்றும் சொல்லவில்லை.

28-4-84

இட்லி வேண்டாம். தோசை வேண்டாம். டப்பாப் பொரியை வெறுமனே தின்றே தீர்த்துவிட்டாள்.

29-4-84

தேவகி மகனிடம் சொன்னது காதில் விழுந்தது. "வேலூர்லயே உட்டுடலாங்க. பாவம், அத்தே எவ்ளோதான் பண்ணுவாங்க?"

பாவமா? நானா?

1-5-84

களம்பூர்ப் பொரி வாங்கி, வெல்லப்பாகு வைத்து உருண்டை பிடித்தேன். பொரி உருண்டையில் என்னை ஜெயிக்க இந்தத் தெருவில் ஆள் இல்லை. பிள்ளை ஒரு கடி கடித்தாள். "கல்லு" என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அபிதகுசாம்பாள் சரியாக அந்த நேரம் பார்த்து வந்து நின்றாள். "இன்னாக்கா, ஒன் ரத்தம் ஒன் உருண்டைய துப்புது?"

மிச்ச உருண்டைகளை மடியில் கட்டிக்கொண்டு போனதும் அவள்தான். அதையும் எழுதி வைக்கிறேன்.

3-5-84

ஜவ்வு மிட்டாய் துரை தெருவுக்குள் வந்தான். மூங்கில் உச்சியில் பொம்மை கை தட்டியதுதான் தாமதம், பிள்ளை வாசலுக்கு ஓடினாள். அவள் ஓடி இன்றைக்குத்தான் பார்க்கிறேன். கையில் கட்டிவிடும் உருவம் செய்யத் துரை மிட்டாயைப் பிடித்து இழுத்தான். ரோஸ் நிறத்தில் இழை நீண்டது. எனக்குப் பொறி தட்டியது — அன்றைக்கு இவர் குச்சியில் வந்ததே, அதே இழை!

"தொர, அப்டியே பெரிய கட்டியா குடுப்பா."

"வாட்சாம்மா, தேளாம்மா?"

"ஒண்ணும் வாணாம். சும்மா குடு."

"வெறுங்கட்டியா குடுத்தா என் தொழிலுக்கு இன்னாம்மா மரியாத? ஒரு மோதிரமாச்சும் போட்டுக்க."

போட்டுவிட்டுத்தான் நகர்ந்தான். இந்த வயசில் மிட்டாய் மோதிரம்! பிள்ளை என் விரலைப் பார்த்துச் சிரித்தாள்.

4-5-84

வெண்ணெய், ஜவ்வு மிட்டாய், பொரி. சில்லறைக் காசுப் பண்டம்தான். தீ ஜாஸ்தியாகிப் பாறையாகிவிட்டது. கடித்துப் பார்த்த இவருடைய பல் செட்டு அதிலேயே நின்றுவிட்டது. "பெரிய பேஜாருடி ஒன்னோட" என்று பொக்கை வாயால் திட்டினார். பிள்ளை தரையில் புரண்டு சிரித்தாள்.

தின்னவில்லை. ஆனால் அடுப்படிக்குள் வந்து நின்றாள்.

6-5-84

இன்று தீயை அடக்கினேன். வெண்ணெயைத் தாராளமாக விட்டு, ஒரு கரண்டி பாலும் ஊற்றினேன். மிட்டாய் இளகிப் பட்டு மாதிரி மின்னியது. இறக்கிப் பொரியைக் கொட்டிக் கிளறினேன். தட்டில் கொட்டிக் கை வைக்கப் போனேன்.

"நோ! கைல பட்டர்! மம்மி கைல பட்டர் போட்டுதான் தட்டுவாங்க!"

இரண்டு கையையும் நீட்டினேன். அவளே தடவிவிட்டாள், முழங்கை வரைக்கும். தட்டில் இரண்டு பேருமாகத் தட்டினோம். ஆறுகிற வரைக்கும் பொறுப்பாளா? என்னைப் போல என்றேனே. ஓரத்தில் பிய்த்து வாயில் போட்டாள். தட்டுக்கும் அவள் உதட்டுக்கும் நடுவில் இழை ஆடியது.

மென்றாள்.

"இது மாஷ்மெல்லோ இல்ல" என்றாள்.

சரி, போச்சு.

"இன்னொன்னு குடு, ஆயா."

7-5-84

இரண்டு இட்லி தின்றாள். ஒரு துண்டு தருகிறேன் என்று லஞ்சம் பேசித்தான். எனக்கு வெட்கமில்லை. அபிதகுசாம்பாளை வலியக் கூப்பிட்டு ஒரு துண்டு கொடுத்தேன். மென்றுகொண்டே இருந்ததால் அவளால் ஒன்றும் பேச முடியவில்லை. அதுவும் நல்லதுதான்.

14-5-84

வேலூர் போய் இரண்டு நாள் தங்கி வந்தார்கள். சம்பந்தியம்மா கேக்கும் ஐஸ்கிரீமுமாக வாங்கிக் கொடுத்தார்களாம். நல்ல மனுஷி, குறை சொல்ல மாட்டேன். நான் இரண்டு நாளும் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வந்து சேர்ந்ததும் தேவகி சொன்னாள். "ஒங்க பேத்தி அங்க ஒரே கேள்விதான் கேட்டா, அத்தே. தொர அந்தத் தெருவுக்கும் வருவாரான்னு. எங்கம்மா தொர யாருன்னு என்னக் கேக்கறாங்க!"

சொல்லிச் சிரித்தாள். "இங்கியே இருக்கட்டும் அத்தே" என்றாள். அப்புறம் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவள் இல்லையா? அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் பிடிக்காத கை.

4-6-84

பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. துரை வாட்ச் கட்டிவிட்டான். மணி அடிப்பதற்குள் வாட்சைத் தின்றுவிட்டாள்.

20-1-85

அந்தக் குவைத்துப் பையன் மறுபடியும் வந்து ஒரு பை கொடுத்தான். பேத்திதான் பிரித்தாள். மேலாகவே இருந்தது, வெள்ளை வெளேரென்று, அசல் மாஷ்மெல்லோ. அசல் வந்துவிட்டதே. இனிமேல் என்னுடையது எதற்கு?

அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தறிப் பக்கம் ஓடினாள்.

"தாத்தா! பட்டுக்கூடு வந்துகீது! ஆயாவ ஜல்தி வெந்நி வெக்கச் சொல்லு!"