வெள்ளைக் கோட்டுக்கு முன்னால்

டெரிக்,

உன் சாம்பல் நிற ஸ்வெட்டரைக் கேட்டு எழுதியிருந்தாய். அனுப்ப முடியாது. அது நனைந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பர்மிங்காம் கால்வாய் லாக்குகளில், அந்தக் கதவு போட்ட நீர்த்தொட்டிகளில், தனியாகத்தான் நம் படகு வீட்டை இறக்கினேன். முன்பெல்லாம் நான் சுக்கானைப் பிடிக்க, நீ கரையில் நின்று மதகின் கைப்பிடியைச் சுழற்றித் தண்ணீரை வடியவிடுவாய். "சுவத்துல போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டை விட்டு முன்னால வா, ஐரிஸ்! தண்ணி வடிஞ்சா படகோட வால் கல்லுல உக்காந்துரும்!" என்று பத்தொன்பது வருஷம் கத்தினாய். "எனக்கும் கண்ணு இருக்கு, தொண்டையைக் கிழிச்சுக்காதே" என்பேன்.

அன்று கைப்பிடி என் கையில். படகுக்கு முதுகைக் காட்டியபடி சுழற்றினேன். யாரும் கத்தவில்லை, அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். உள்ளே தட்டுகள் சரிந்து உடைந்த பிறகுதான் திரும்பினேன். படகின் வால் மேல்பக்கக் கதவின் அடிக்கல்லில் மாட்டித் தொங்கியது, மூக்கு தண்ணீருக்குள். நம் வீடு முழுக ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பின்னால் வந்த படகுக்காரர் நாரிஸ் ஓடிவந்தார். "ஏம்மா, பின்பக்கம் யாரு பாத்துக்கிட்டது?"

"என் வீட்டுக்காரர்" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

மனுஷன் மேல்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்துவிட்டார். எழுபது வயதிருக்கும். மூன்று முறை மூழ்கித் தேடினார். நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் நாலு மாதமாகிறது என்று நான் சொல்லவில்லை, டெரிக். ஒருவேளை கண்டுபிடித்துவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடுங்கிக்கொண்டே ஏறி வந்து, "உள்ள யாரும் இல்லம்மா" என்றார்.

பதில் போடாதே. எனக்கு விலாசம் இல்லை.

உன் சுக்கான்காரி